மஞ்சள் அப்பன், மண்ணிறப் பிள்ளைகள்

அத்தியாயம் ஐந்து

பாலாம்பிகையின் விசாரணை நிலையம் லண்டன் டூட்டிங்கில் ஒரு சேலைக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. படியேறி வந்தால் இடப்பக்கம் பல் வைத்தியர், வலப்பக்கம் பாலாம்பிகை. பல் வைத்தியரைத் தேடி வந்தவர்கள் கதவு மாறி இங்கே வந்து உட்கார்ந்துவிடுவதும் உண்டு. முகத்தை வைத்து யார் எந்தக் கதவுக்கு வந்தவர் என்று சொல்ல முடியாது என்பது உதவியாளன் பெனடிக்றின் அனுபவம். இரண்டு பக்கமும் வருகிறவர்கள், எதைப் பிடுங்கப் போகிறார்களோ என்ற பயத்தோடு வருகிறவர்கள்தான்.

வழக்குகள் பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரணை. மாப்பிள்ளை குடிப்பவரா, சொன்ன வேலை உண்மையில் இருக்கிறதா, பாரிசிலோ பேர்லினிலோ ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாளா. பாலாம்பிகை விசாரிப்பார். பெனடிக்ற் காரோட்டுவான், தேவைப்பட்டால் பொய் சொல்லுவான். மன்னாரிலிருந்து வந்து பன்னிரண்டு வருடம் மினிகாப் வாடகைக்கார் ஓட்டியதில் இரண்டுமே அவனுக்குக் கைவந்திருந்தன.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, நோர்பரியிலிருந்து குலசேகரம் வந்தார். தோர்ண்டன் ஹீத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் மனிதர். ஐம்பது தாண்டியவர், சவரம் செய்து மூன்று நாள் இருக்கும். மடியில் ஒரு பிஸ்கட் தகரப் பேணியை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"தங்கச்சி, ஒரு பிள்ளைப்பேறு விசயமாய் வந்தனான்."

"ஆரின்ரை பிள்ளை அண்ணை?"

"அதுதான் எனக்கும் தெரியவேணும்."

பாலாம்பிகை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "தாய் ஆர்?"

"என்ரை வீட்டிலைதான் இருக்கிறா. ஆனால் அவ அவதானோ எண்டதுதான் பிரச்சினை."

"தகப்பன்?"

"அவரும் என்ரை வீட்டிலைதான். ஆள் மஞ்சள்."

பெனடிக்றுக்குப் பொறுக்கவில்லை. "மஞ்சக்காமாலையோ அண்ணை?"

"இல்லைத் தம்பி. பாம்பு."

பெனடிக்ற் தன் கதிரையை மேசைக்கு அந்தப் பக்கம் நகர்த்தினான். பேணியின் மூடி மூடித்தான் இருந்தது. ஆனாலும் நகர்த்தினான்.

குலசேகரம் விளக்கினார். அவருடைய வீட்டின் பின்னறையில் ஒன்பது மலைப்பாம்புகள் இருந்தன. ஆபிரிக்கச் சாதி. பெரிதாக வளராது. ஆங்கிலத்தில் பால் பைதன்.

"பால் குடிக்குமோ?" என்றான் பெனடிக்ற்.

"எலி தின்னும். பால் எண்டால் பந்து. பயம் வந்தால் தலையை நடுவிலை ஒளிச்சுக்கொண்டு பந்து மாதிரிச் சுருண்டுபோம்."

அந்தப் பாம்பின் மீது பெனடிக்றுக்கு முதன்முறையாக ஒரு மரியாதை வந்தது.

வழக்கமாக அந்தப் பாம்புகள் கடும் மண்ணிறத்தில், வெளிர் திட்டுகளோடு இருக்கும். ஆயிரக்கணக்கில் ஒன்று மஞ்சளும் வெள்ளையுமாக, சிவந்த கண்ணோடு பிறக்கும். அப்படி ஒன்றை குலசேகரம் அமெரிக்காவிலிருந்து வரவழைத்திருந்தார். ஆண். அதற்குச் சோடியாக ஒரு பெண்ணும் வந்தது. அவள் பார்வைக்கு வெறும் மண்ணிறம். ஆனால் அவளுடைய தகப்பன் மஞ்சள். நிறம் அவள் தோலில் தெரியவில்லை, இரத்தத்தில் ஒளிந்திருக்கிறது. அவளையும் மஞ்சளையும் சேர்த்தால் குட்டிகளில் பாதி மஞ்சளாய் வரவேண்டும்.

"போன கிழமை முட்டை பொரிச்சுது. ஏழு குட்டி. ஏழும் மண்ணிறம்." குலசேகரத்தின் குரல், வீட்டில் சாவு நடந்தவரின் குரலாக இருந்தது. "ஏழு தரம் காசு சுண்டி ஏழு தரமும் பூ விழுந்தால், காசிலை ஏதோ பிழை எண்டுதானே அர்த்தம்? மஞ்சளை ஒருத்தரும் மாத்த ஏலாது, பாத்தால் தெரியும். மாத்தினது தாயை. அவளைக் கொண்டுபோட்டு, அதே அளவிலை கடைச்சரக்கு ஒண்டை வைச்சிருக்கு. மண்ணிறத்துக்கு மண்ணிறம். எனக்கு முட்டை பொரிக்குமட்டும் தெரியாது பாருங்கோ."

பாலாம்பிகை மெல்லத் தலையாட்டினார். "நல்ல களவு" என்றார். குலசேகரத்துக்கு அது பிடிக்கவில்லை.

"ஆரெண்டும் தெரியும். என்ரை வீட்டிலை வாடகைக்கு இருக்கிற தியாகராஜா. மார்கழியிலை நானும் மனிசியும் கனடாவுக்கு ஒரு கலியாணத்துக்குப் போன நேரம் பாம்பைப் பாத்தது அவன்தான். கதவுத் திறப்பு அவனிட்டைத்தான் இருந்தது. கொண்டுபோய்க் குடுத்தது செல்வரத்தினத்திட்டை. இஞ்சை பின்வீதியிலை வளர்ப்பு மீனும் பாம்பும் விக்கிற கடை வைச்சிருக்கிறவர். முந்தி எனக்குச் சிநேகிதம். போன வருசம் பாம்புக் கண்காட்சியிலை எல்லாருக்கும் முன்னாலை என்ரை மஞ்சளைக் கொழுத்த புழு எண்டு சொன்ன மனிசன்."

"அத்தாட்சி?"

குலசேகரம் பேணியைத் திறந்தார். உள்ளே காய்ந்து சுருண்ட ஏதோ ஒன்று, கசக்கிய எண்ணெய்க் கடுதாசி போலக் கிடந்தது. முனையில் கறுப்புத் திட்டுகள் மங்கலாகத் தெரிந்தன.

"பாம்புச் சட்டை. தியாகராஜாவின்ரை குளிர்காலப் போர்வையைத் தோய்க்கக் கொண்டுபோன இடத்திலை, உறைக்குள்ளை இருந்து மனிசி எடுத்தவ. பெட்டைப் பாம்பை வெளியிலை கடத்திறதுக்கு முதல் கட்டிலிலை ஒளிச்சு வைச்சிருக்கிறான். அதைக் கண்டாப் பிறகு நான் வேறை என்னத்தைப் பாக்கிறது?"

"சட்டையைக் கழட்டினது அவரின்ரை கட்டிலிலை" என்றான் பெனடிக்ற். "எங்கடை வழக்கமான கேஸ்தான் அக்கா."

குலசேகரம் சிரிக்கவில்லை. பின்னேரம் பொலிசுக்குப் போவதாகவும், அதற்கு முன் பாம்பு செல்வரத்தினத்திடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொன்னால் போதும் என்றும் சொன்னார். தியாகராஜாவை அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டாராம்.

"அவருக்கு விசா இருக்கோ?" என்று கேட்டார் பாலாம்பிகை.

"இல்லை. வாற வியாழக்கிழமை அப்பீல்."

அகதி வழக்கில் நிற்கிற ஒருவனைப் பற்றிப் பொலிசில் களவு முறைப்பாடு போனால் என்ன ஆகும் என்பது மூன்று பேருக்கும் தெரியும். குலசேகரம் பேணியின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெனடிக்ற் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஐந்து வீடுகளில் அறை எடுத்து இருந்தவன். போகச் சொல்லும்போது வீட்டுக்காரரின் குரல் எப்படி மாறும் என்று அவனுக்குக் கேட்காமலே தெரியும்.

"பின்னேரம் வரைக்கும் பொறுங்கோ அண்ணை" என்றார் பாலாம்பிகை. "நாங்கள் வந்தாப் பிறகு பொலிசுக்குப் போன் எடுங்கோ. பேணியைத் தந்திட்டுப் போங்கோ."

*

செல்வரத்தினத்தின் கடையில் முன்பக்கம் மீன்கள், பின்பக்கம் பாம்புகள். நடுவில் பல்லி வகையறா. உள்ளே ஓர் உஷ்ணம். பெனடிக்ற் முன்பக்கத்தோடு நின்றுவிடப் பார்த்தான். பாலாம்பிகை அவனுடைய முழங்கையில் ஒரு விரலை வைத்துத் தள்ளினார்.

"ஒரு பாம்பு வேணும்" என்றான் பெனடிக்ற். "மண்ணிறம். பெட்டை."

செல்வரத்தினம் மெலிந்த, உயரமான மனிதர். கையில் மீன்வலை சொட்டிக்கொண்டிருந்தது. "என்னத்துக்கு?"

"வீட்டிலை எலி."

"பூனை வாங்குங்கோ." அவர் பாலாம்பிகையைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். "நீங்கள் எல்லே என்ரை தமையன்ரை மகளுக்குப் பேசின மாப்பிள்ளையை விசாரிச்ச ஆள்? அவருக்கு ஒல்லாந்திலை ஒரு பெண்சாதி இருக்கெண்டு கண்டுபிடிச்சு?"

"ஓம். நான்தான்."

"அப்ப இந்தத் தம்பி நடிக்கத் தேவையில்லை."

பெனடிக்றுக்கு மனம் நொந்தது. பன்னிரண்டு வருட அனுபவத்தை ஒருவர் மீன்வலையால் ஒதுக்கிவிட்டார்.

பாலாம்பிகை ஒளிக்காமல் கேட்டார். குலசேகரத்தின் பெண்பாம்பு இங்கே இருக்கிறதா? செல்வரத்தினம் கோபப்படவில்லை. பின்பக்கத்துப் பெட்டியிலிருந்து தடித்த ஒரு மண்ணிறப் பாம்பைத் தூக்கி, பாலாம்பிகையிடம் கொடுப்பதுபோல வந்து பெனடிக்றின் கையில் வைத்தார்.

"மண்ணிறத்திலை பெட்டை என்னட்டை இவ ஒராள்தான். கடை திறந்த நாளிலை இருந்து நிக்கிறா. அங்கை சுவரிலை படம் கிடக்கு, பாருங்கோ."

சுவரில் கடை திறப்பு விழாப் படம். ஆறு வருடத்துக்கு முந்தியது. மாலையோடு செல்வரத்தினம். மாலைக்கு மேலே ஒரு பாம்பு. பாலாம்பிகை படத்தைக் கழற்றி எடுத்து, கண்ணாடியைத் துடைத்து, பெனடிக்றின் கைக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"படத்திலை இருக்கிற ஆளும் நேரிலை இருக்கிற ஆளும் ஒண்டோ எண்டு பாக்கிறதுதான் என்ரை தொழில்" என்றார். "கழுத்தைத் திருப்பு பெனடிக்ற்."

"ஆரின்ரை கழுத்தை அக்கா?"

பாம்பு அதற்குள் பந்தாகிவிட்டது. பெனடிக்ற் அதை ஏந்திக்கொண்டு நின்றான். இருவரும் ஒரே அளவு பயந்திருந்தார்கள். ஒருவருக்குத்தான் சுருண்டுகொள்ள வசதி இருந்தது.

செல்வரத்தினம் பந்தை இலேசாக அவிழ்த்துக் கழுத்தைக் காட்டினார். கழுத்துக்குப் பின்னே, ஆட்டுக்கடாவின் முகம் போல ஒரு வெளிர் திட்டு. ஒரு கொம்பு நீளம், ஒரு கொம்பு கட்டை. படத்திலும் அதே ஆடு, அதே கட்டைக் கொம்பு.

"இந்தத் திட்டு சாகுமட்டும் மாறாது" என்றார் செல்வரத்தினம். "ஒண்டுக்கு இருக்கிறது மற்றதுக்கு இராது. எங்கடை கைரேகை மாதிரி."

ஆக, பாம்பு இங்கே இல்லை. பெனடிக்ற் வெளியே போகும் ஆசையோடு கதவைப் பார்த்தான். பாலாம்பிகை பேணியைத் திறந்து மேசையில் வைத்தார்.

"அந்தத் திட்டு சட்டையிலும் இருக்குமோ?"

"ஓம், இருக்கும். மங்கலாய்த்தான். வெளிச்சத்துக்குப் பிடிச்சால் தெரியும்." செல்வரத்தினம் அந்தச் சுருளை எடுத்துப் பார்த்தார். புருவம் உயர்ந்தது. "இதைக் குலசேகரம் விரிச்சுப் பாக்கேல்லையோ?"

"கறுப்புத் திட்டைக் கண்டவர். கோவத்திலை மூடிப்போட்டார்."

செல்வரத்தினம் ஒரு பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, சுருளை அதில் அமிழ்த்தினார். விரல்நுனியால் இழுத்து இழுத்துப் பிரித்தார். அரிசிமா ஒட்டிய துணியைப் பிரிக்கிற பொறுமை அவருக்கு இருந்தது. கடைசியில் கண்ணாடிக் கதவில் பக்கத்துக்குப் பக்கமாக ஒட்டினார்.

இரண்டு சட்டைகள்.

ஒன்றில் தலை முதல் வால் வரை மங்கலாகக் கறுப்புத் திட்டுகள். மற்றதில் எதுவுமே இல்லை. கழுவின பொலித்தீன் பை மாதிரி, அந்தப் பக்கத்துத் தெருவே தெரிந்தது.

"இது என்ன, எழுத மறந்துபோன சட்டையோ?" என்றான் பெனடிக்ற்.

"கறுப்பு இல்லாத பாம்பின்ரை சட்டை" என்றார் செல்வரத்தினம். "மஞ்சளின்ரை. இந்தப் பக்கத்திலை மஞ்சள் வைச்சிருக்கிறது குலசேகரம் ஒராள்தான்." அவர் கொஞ்சம் தயங்கினார். "அது கொழுத்த புழு இல்லை. நல்ல வடிவான பாம்பு. அண்டைக்கு எனக்கு எரிச்சல். அவரிட்டைச் சொல்லாதையுங்கோ."

*

நோர்பரிக்குப் போகிற வழியில் பாலாம்பிகை பேணியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஸ்ட்ரெதம் ஏற்றத்தில் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டபோதுதான் வாயைத் திறந்தார்.

"பெனடிக்ற், நீ கள்ளன் எண்டு வை."

"வைச்சாச்சு."

"குலசேகரத்தாற்றை பின்னறைக்குள்ளை போறாய். ஒரு பெட்டியிலை மஞ்சள். ஆர் பாத்தாலும் அதிலைதான் கண் நிக்கும். பக்கத்துப் பெட்டியிலை மண்ணிறம். அவளின்ரை பெறுமதி ரத்தத்துக்குள்ளை. எதை எடுப்பாய்?"

"ஒண்டையும் எடுக்கமாட்டன். கதவைச் சாத்திப்போட்டு ஓடுவன்."

"பாம்புக்குப் பயமில்லாத கள்ளன்."

"அப்ப மஞ்சளை."

"இந்தக் கள்ளன்ரை கட்டிலிலை மஞ்சளும் படுத்திருக்கு. இப்ப அது திரும்பத் தன்ரை பெட்டியிலை இருக்கு. மஞ்சளைக் கையிலை வைச்சிருந்து, பத்திரமாய்க் கொண்டுபோய்த் திருப்பி வைச்சிட்டு, மண்ணிறத்தைத் திருடுற கள்ளனை நான் இன்னும் காணேல்லை."

பெனடிக்ற் யோசித்தான். "அப்ப பாம்பு ரெண்டும் அந்தாளின்ரை கட்டிலிலை என்ன செய்ததுகள்?"

"அதைத்தான் கேக்கப் போறம்."

*

வீட்டுக் கதவைத் திறந்தவர் குலசேகரத்தின் மனைவி கமலாம்பிகை. கண்கள் சிவந்திருந்தன. "அழுகையில்லை, வெங்காயம்" என்றார், யாரும் கேட்காமலே. வீட்டு உள்நடையில் ஒரு பெட்டியும் உருட்டிக் கட்டிய பாயும் இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில், பெற்றோல் நிலையத்துச் சீருடையோடு ஒரு மனிதன் நின்றான். முப்பத்தைந்து வயதிருக்கும். இதுதான் தியாகராஜா. யாருக்கும் வழியை மறிக்காமல் நிற்பது எப்படி என்று நன்றாகப் பழகியவன் போல, சுவரோடு ஒட்டி நின்றான்.

குலசேகரம் தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். "பாம்பு அங்கையோ?"

"அங்கை இல்லை. அறையைக் காட்டுங்கோ."

கமலாம்பிகையைத் தவிர எல்லோரும் மேலே போனார்கள். பின்னறையில் சுவர் நீளத்துக்குத் தட்டுகள், தட்டுகளில் பெட்டிகள். மூலையில் ஒரு மின்சார ஹீற்றர். மஞ்சளின் பெட்டிக்கு முன்னால் பெனடிக்ற் தன்னையறியாமல் நின்றுவிட்டான். பழுத்த மாம்பழத்தில் பால் ஊற்றியது மாதிரி ஒரு நிறம். அது அவனைச் சிவந்த கண்ணால் பார்த்தது. அவன் சிலுவை போட்டுக்கொண்டு அடுத்த பெட்டிக்கு நகர்ந்தான்.

பாலாம்பிகை பாம்புகளைப் பார்க்கவேயில்லை. கதவோரம் குனிந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அந்த அறையின் ஒரே மின்செருகுவாய் இருந்தது. ஹீற்றரின் பிளக் அதில் செருகப்பட்டு, மேலே கறுப்பு டேப் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டிருந்தது. டேப்பின் மேல் ஒரு துண்டு வெள்ளைக் கடுதாசி. அதில் தமிழில்: *தயவுசெய்து கழட்டாதையுங்கோ.*

"இது ஆர் எழுதினது?"

"நான் எழுதேல்லை" என்றார் குலசேகரம். "மனிசியாக்கும் எண்டு நினைச்சன்."

"நான்தான் அக்கா" என்றான் தியாகராஜா.

"எப்ப?"

அவன் மெதுவாகச் சொன்னான். "மார்கழியிலை. அண்ணையவை கனடாவிலை நிக்கேக்கை. கறண்ட் போயிட்டுது."

"கறண்ட் போனதுக்கு ஒருத்தரும் பிளக்குக்கு டேப் ஒட்டுறேல்லை."

"பிளக் கழண்டு போச்சு. நான்தான். தெரியாமல் கால் பட்டு."

"அக்கா" என்றான் பெனடிக்ற், "இந்த நாட்டுப் பிளக்கைக் கையாலை இழுக்கவே நான் சுவரிலை காலை வைச்சு இழுக்கிறனான். கால் பட்டுக் கழண்டதாம்."

பாலாம்பிகை நிமிர்ந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, உமக்கு நீரே எழுதினதெண்டால் 'கழட்டாதை' எண்டு எழுதியிருப்பீர். 'தயவுசெய்து' எண்டும் 'கழட்டாதையுங்கோ' எண்டும் எழுதியிருக்கு. இது மரியாதைக்குரிய ஆருக்கோ எழுதினது. கோவிக்கவும் ஏலாது, நேரை சொல்லவும் ஏலாத ஆருக்கோ. கழட்டினது நீர் இல்லை. நடந்ததைச் சொல்லும். கழட்டினது ஆரெண்டதைப் பிறகு பாப்பம்."

தியாகராஜா தட்டுகளைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அவர்கள் கனடாவுக்குப் புறப்பட்ட அன்றிரவு வேலை முடிந்து வந்து எலி போட அறையைத் திறந்தபோது, உள்ளே வெளியைப் போலவே குளிர். அன்று பனி கொட்டியது. ஹீற்றர் வேலை செய்யவில்லை. ஏன் என்று இருட்டில் அவனுக்குப் பிடிபடவில்லை, பல்பும் எரிந்துபோயிருந்தது. பாம்புகளைத் தொட்டுப் பார்த்தான். தண்ணீர்க் குழாயைத் தொட்ட மாதிரி இருந்தன. ஒன்று அசையவேயில்லை.

"என்ன செய்தனீர்?" என்றார் குலசேகரம். குரல் மாறியிருந்தது.

"என்ரை அறையிலை சுவரோடை பூட்டின சின்ன ஹீற்றர் இருக்கு அண்ணை. ஆனால் பெட்டியள் என்ரை கதவாலை போகாது. சுடுதண்ணிப் போத்தல் ரெண்டு நிரப்பிக் கட்டிலிலை வைச்சன். எல்லாத்தையும் தூக்கிக்கொண்டு வந்து போர்வைக்குள்ளை விட்டன்."

"ஒன்பதையுமோ?"

"ஓம்."

"நீர் எங்கை படுத்தனீர்?" என்று கேட்டான் பெனடிக்ற்.

"அதுக்குள்ளைதான். உடம்புச் சூடும் வேணுமெல்லே." தியாகராஜா வெட்கப்பட்டான். "அதுகள் ஒண்டும் செய்யேல்லை. சும்மா கிடந்துதுகள். விடியக் காலமை வெளிச்சத்திலைதான் பிளக் கழண்டு கிடந்ததைக் கண்டனான். திருப்பிச் செருகி, அறை சூடேறினாப் பிறகு ஒவ்வொண்டாய்க் கொண்டுபோய் அதின்ரை அதின்ரை பெட்டியிலை விட்டன். ரெண்டு சட்டை கழட்டினது எனக்குத் தெரியாது."

குலசேகரம் ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அதின்ரை அதின்ரை பெட்டியிலை" என்று திருப்பிச் சொன்னார் பாலாம்பிகை. "அதாலை தாய் மாறேல்லை அண்ணை. மாறினது தகப்பன், அந்தப் போர்வைக்குள்ளை. உங்களிட்டை மண்ணிற ஆண் எத்தினை?"

"ரெண்டு..." குலசேகரத்தின் வாய் திறந்தபடியே நின்றது. "நான் கனடாவாலை வந்துதானே மஞ்சளை அவளோடை விட்டனான்."

"கலியாணம் பிந்தி நடந்திருக்கு" என்றான் பெனடிக்ற்.

"அப்ப இந்தக் குட்டியள்?" என்றார் பாலாம்பிகை.

"தாய் ரத்தத்தாலை பாதிக்குள்ளை மஞ்சள் ஒளிச்சிருக்கும். எந்தப் பாதி எண்டு ஒருத்தராலும் சொல்ல ஏலாது." குலசேகரம் தியாகராஜாவின் பக்கம் திரும்பினார். "ஒன்பதும் செத்துப் போயிருக்கும். நான் வந்து பாக்கேக்கை ஒன்பதும் செத்திருக்கும். ஏன்ராப்பா எனக்குச் சொல்லேல்லை?"

தியாகராஜா வாசலைப் பார்க்காமல் இருப்பதற்காக மிகவும் பாடுபட்டான். அதனாலேயே பெனடிக்ற் வாசலைப் பார்த்தான்.

கமலாம்பிகை அங்கே தேத்தண்ணித் தட்டோடு நின்றார். ஒருவரும் அதை வாங்கப் போகவில்லை. கடைசியில் அவரே குனிந்து நிலத்தில் வைத்தார்.

"நான்தான் கழட்டினனான்" என்றார். "பிளேனுக்குப் போற அவசரத்திலை மேல்மாடிக்குத் தூசி உறிஞ்ச ஹூவர் பிடிச்சனான். வீட்டை அப்பிடியே விட்டிட்டுப் போக மனம் வரேல்லை. ஹூவரைச் செருக இதைக் கழட்டினன். இவர் கீழை நிண்டு, கார் வந்திட்டுது எண்டு கத்தினார். திருப்பிச் செருக மறந்துபோனன். வந்து பாக்கேக்கை இந்த டேப்பும் கடுதாசியும். அப்பதான் எனக்கு விளங்கினது. அவர் ஒண்டும் சொல்லேல்லை. நானும் ஒண்டும் சொல்லேல்லை."

குலசேகரம் மனைவியைப் பார்த்தார்.

"சட்டையை எடுத்துத் தரேக்கை ஒரு அதிசயமாய்த்தான் தந்தனான். இவர் இப்பிடிக் குதிப்பார் எண்டு தெரியாது. மூண்டு நாளாய்ச் சொல்லவேணும் எண்டு வாயிலை வந்து வந்து நிண்டது. முப்பது வருசத்திலை இவர் இந்தப் பாம்புகளைப் பாக்கிற மாதிரி என்னை..." அவர் நிறுத்திக்கொண்டார். சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். இந்த முறை வெங்காயம் என்று சொல்லவில்லை. "தியாகு, நீர் என்னைக் காட்டிக் குடுத்திருக்கலாம்."

"உங்கடை வீட்டிலை எனக்கு இடம் தந்தது ரெண்டு பேரும் அக்கா" என்றான் தியாகராஜா. "ஒராளை மற்ற ஆளிட்டை எப்பிடிச் சொல்லிக் குடுக்கிறது?"

பெனடிக்றுக்கு இந்த இடத்தில் ஒரு நகைச்சுவை தோன்றியது. தொண்டைவரை வந்தது. அதை அவன் விழுங்கினான். அவனுடைய வாழ்க்கையில் அது அபூர்வம்.

குலசேகரம் மனைவிக்குப் பக்கத்தில் போய், நிலத்தில் இருந்த தட்டைத் தூக்கினார். ஒரு கோப்பையை எடுத்து முதலில் தியாகராஜாவிடம் நீட்டினார். இரண்டாவதை மனைவியிடம் கொடுத்தார். அவர் வாங்கத் தயங்கியபோது, "ஆறப்போகுது, குடியும்" என்றார். கோப்பையைக் கையிலிருந்து விடாமல், மனைவி பிடிக்கும்வரை காத்து நின்றார்.

"எனக்கு ஒண்டு மட்டும் மிச்சம் கிடக்கு" என்றார் பாலாம்பிகை. "தகப்பன் ஆரெண்டு கண்டுபிடிக்கத்தான் என்னைக் கூப்பிட்டது. தம்பி, அந்த ரெண்டு ஆணிலை எது அவளோடை..."

"அக்கா, இருட்டு" என்றான் தியாகராஜா. "நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தனான்."

கமலாம்பிகைக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அழுகைக்கு நடுவே, மூக்கால் வந்த சிரிப்பு. பிறகு தேத்தண்ணி எல்லோருக்கும் போதாமல், இன்னும் ஊற்ற அவர் கீழே போனார். தியாகராஜா பின்னால் போகத் திரும்பினான். குலசேகரம் அவனைத் தடுத்தார்.

"வியாழக்கிழமை உன்ரை அப்பீல் எத்தினை மணிக்கு?"

"பத்துக்கு அண்ணை."

"ஆர் உன்னோடை வருகினம்?"

"ஒருத்தரும் இல்லை. லோயர் வருவார்."

"கடையைப் பூட்டிப்போட்டு நானும் வாறன்." குலசேகரம் சட்டைப்பையில் எதையோ தேடுவதுபோலக் கையை விட்டு, ஒன்றும் எடுக்காமல் வெளியே எடுத்தார். "எப்பிடிப்பட்ட ஆள் நீ எண்டு கேட்டால் சொல்லுறதுக்கு ஒருத்தன் வேணும்தானே."

"நல்ல விசயம் அண்ணை" என்றான் பெனடிக்ற். "எல்லாத்தையும் சொல்லுங்கோ. பாம்புக் கதையை மட்டும் விட்டிடுங்கோ. அதை ஒருத்தரும் நம்பமாட்டினம்."

குலசேகரம் அந்த யோசனையை ஒரு மருந்துச்சீட்டைப் பார்ப்பதுபோல நிதானமாக எடுத்துப் பார்த்தார்.

"இல்லைத் தம்பி" என்றார். "அதைத்தான் முதல் சொல்லப் போறன்."